நூற்றுப் பத்து கிலோ தாய்மாமன்

ஒரு காட்டில் ஒரு கரடி இருந்தது. யாரோ ஒரு கரடி என்று பொதுவாகச் சொல்லிக் கதையை ஓட்டிவிடலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் கேட்கிறவர்கள் பாதியிலேயே என் வயிற்றைப் பார்த்து, "அது நீங்கதானே?" என்று கேட்டுவிடுகிறார்கள். அதனால் முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். நான்தான். பெயர் வெள்ளைச்சாமி. என் நிறத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்க வேண்டாம், பெயர் வைத்தது நான் இல்லை.

எங்கள் காட்டின் நடுவே ஒரு ஆறு ஓடுகிறது. இந்தக் கரையில் நான். அந்தக் கரையில் என் தங்கை பூங்காவனம், அவள் வீட்டுக்காரர், அவள் மாமியார் சம்பூர்ணம் அம்மாள், அப்புறம் என் தங்கை மகள் தேன்மொழி. ஆற்றில் முதலை இருக்கிறது. நீந்தலாம், ஆனால் முழுசாகப் போய்ச் சேருவோம் என்று சொல்ல முடியாது. ஆகவே எல்லாரும் தொங்குபாலத்தில்தான் போய்வருவோம்.

போன மழைக்குப் பாலத்தின் கயிறு ரெண்டு அறுந்து போயிற்று. அதைக் கட்டுவார்கள் என்று பார்த்தால், கட்டவில்லை. அதற்குப் பதில் பாலத்துக்கு முன்னால் ஒரு எடை மெஷினை வைத்து, பக்கத்தில் ஒரு கருங்குரங்கை உட்கார வைத்துவிட்டார்கள். "110 கிலோவுக்கு மேல் அனுமதி இல்லை" என்று ஒரு பலகை. கயிற்றைவிடப் பலகை சுலபம் போலிருக்கிறது.

அப்போது என் எடை நூற்றுப் பதினெட்டு.

ஒரு நாள் தங்கை போன் செய்தாள். "அண்ணே, தேன்மொழிக்குக் காதுகுத்து வச்சிருக்கோம். இன்னும் சரியா ஒரு மண்டலம் இருக்கு, நாப்பத்தெட்டு நாள். எப்படியாவது எடையைக் குறைச்சிட்டு வந்துரு. உன் மடியிலதான் பிள்ளையை உக்கார வைக்கணும்."

"வராம இருப்பேனா? தாய்மாமன் நான் ஒருத்தன்தானே இருக்கேன்."

"அதுதான் இல்லையாம். நீ வரலன்னா மாசிலாமணியை உக்கார வைக்கலாம்னு எங்க மாமியார் சொல்லிட்டாங்க. அவனும் முறைக்கு மாமன்தானாம்."

எனக்குச் சுருக்கென்றது. மாசிலாமணி எங்கள் சித்தப்பா மகன். கரடி ஜாதியிலேயே ஒல்லியாகப் பிறந்தவன். ஒரு பலாப்பழத்தை முழுசாகத் தின்றுவிட்டு எழுந்தாலும் வயிறு உள்ளேயே இருக்கும், பாவி. போன கல்யாணத்தில் பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அண்ணன் பக்கம்தான் நிழல் நல்லா விழுது" என்றான். நாலு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது. அவன் மடியிலா என் பிள்ளை உட்காருவாள்? அவள் பிறந்த அன்றைக்கு முதலில் தூக்கியவன் நான். என் காதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நிற்கவே பழகினாள்.

எட்டு கிலோ. நாற்பத்தெட்டு நாள். பார்த்துவிடுவோம் என்று கிளம்பிவிட்டேன்.

எங்கள் பக்கத்துக் குளத்தில் தணிகாசலம் என்று ஒரு கொக்கு இருந்தது. பிறவியிலேயே ஒல்லி, அதை வைத்தே உடற்பயிற்சி ஆலோசகர் ஆகிவிட்டது. என் மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டியது. எத்தனை அடி நடக்கிறேன் என்று அது எண்ணுமாம். போனில் ஒரு கலோரிக் கணக்கையும் ஏற்றிக் கொடுத்தது. "சார், சாப்பிடுறது ஒவ்வொண்ணையும் இதுல போடணும். ஒரு வேளைகூட விடக்கூடாது" என்றது.

நான் விட்டேனா? சத்தியமாக விடவில்லை. காலையில் ஒரு இலை, மதியம் ஒரு இலை, சாயங்காலம் ஒரு இலை. இலையில் விழுந்த ஒவ்வொன்றையும் போனில் போட்டேன். அந்தப் போனுக்கு நம் காட்டுச் சாப்பாடு எதுவும் தெரியாது. கரையான் என்று அடித்தால் முழிக்கும். இறால், மிகச் சிறியது என்று போட்டு முந்நூறு என்று எண்ணிக்கையும் கொடுப்பேன். இவ்வளவு யோக்கியமாக என் குலத்தில் யாரும் கணக்குப் போட்டதில்லை. கூட ஒரு கரண்டி வைத்துக்கொள்ளச் சொன்னால் இலையை மடக்கிவிடுவேன். வைராக்கியம் என்றால் அப்படி ஒரு வைராக்கியம்.

தினமும் விடிந்ததும் காட்டை ஒரு சுற்று நடப்பேன். முயல் வீடு, மான் வீடு, காட்டுப்பன்றி வீடு, அணில் வீடு என்று எல்லா வாசலையும் தொட்டுக்கொண்டு போகிற வழி. நான் நடக்கிற செய்தி பரவி எல்லாரும் வாசலுக்கே வந்து நிற்க ஆரம்பித்தார்கள். "மருமக காதுகுத்துக்காக நடக்குறாராம், எவ்வளவு பாசம் பாரு" என்று பேசிக்கொள்வார்கள். நானும் நின்று ரெண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவேன்.

இதில் இன்னொரு பெருமை. நாலாம் நாளிலிருந்து ஒரு எறும்பு வரிசை என் பின்னாலேயே நடந்து வந்தது. முதலில் பத்து இருபது. பிறகு நூறு. ஒரு வாரத்தில் திரும்பிப் பார்த்தால் வால் தெரியவில்லை. என்னைப் பார்த்து இந்தச் சின்ன ஜீவன்களும் உடம்பைக் கவனிக்கத் தொடங்கிவிட்டன என்று இன்னும் நிமிர்ந்து நடந்தேன். சாதாரண நாளாக இருந்தால் எறும்பைக் கண்டதும் நக்கியிருப்பேன். பக்தர்களை எப்படித் தின்பது? விட்டுவிட்டேன்.

பத்தே நாளில் மூன்று கிலோ குறைந்தது. நூற்றுப் பதினைந்து. பாலத்துக் கருங்குரங்கு சடையாண்டியே, "பரவாயில்லையே சார்" என்றது. நான் தங்கைக்குப் போன் போட்டு, "மாசிலாமணியை வேற வேலையைப் பார்க்கச் சொல்லு" என்றேன்.

அதோடு நின்றது.

பதினைந்தாம் நாள், நூற்றுப் பதினைந்து. இருபதாம் நாள், நூற்றுப் பதினைந்து. இருபத்தைந்தாம் நாள் எறும்புதின்னிக்கும் ஆமைக்கும் பின்னால் வரிசையில் அரை மணி நேரம் நின்று, ஏறுவதற்கு முன்னால் மூச்சையெல்லாம் வெளியே விட்டுவிட்டு ஏறினேன். நூற்றுப் பதினைந்து.

"மெஷின் ரிப்பேர்" என்றேன்.

சடையாண்டி நூறு கிலோ எடைக்கல்லைத் தூக்கி மெஷினில் வைத்தது. முள் நூறில் நின்றது. கல்லை இறக்கி வைத்துவிட்டு, "மெஷின் மேல புகார்னா மூணு படிவம் எழுதித் தரணும் சார். எழுதுறீங்களா?" என்றது. நான் எழுதவில்லை.

கொக்கிடம் ஓடினேன். அது ஒற்றைக் காலில் நின்றபடி யோசித்து, "தசை சார்" என்றது. கொழுப்பு கரைந்து அந்த இடத்தில் தசை ஏறியிருக்கிறதாம். தசைக்குக் கனம் அதிகமாம். கேட்க எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா! ஒரு வாரம் தசையோடு நடந்தேன். போகிற வருகிற எல்லாரிடமும் கையை மடக்கிக் காட்டி, "தொட்டுப் பாருங்க" என்றேன். அணில் தொட்டுப் பார்த்தது. அதன் கை உள்ளே போய்விட்டது.

பிறகு கொக்கு தைராய்டு என்றது. அதைச் சோதித்தோம், நன்றாகத்தான் இருந்தது. பிறகு தூக்கம் என்றது. நான் தூங்குவதில் குறை சொல்ல இந்தக் காட்டில் எவனும் பிறக்கவில்லை. கடைசியாக நானே ஒன்று கண்டுபிடித்தேன். முடி! இத்தனை முடியைச் சுமந்துகொண்டு திரிந்தால் முள் எப்படி இறங்கும்? நேரே முடி திருத்துகிற நண்டிடம் போய் உட்கார்ந்து உச்சி முதல் உள்ளங்கால் வரை மழித்துக்கொண்டேன். அரை நாள் ஆயிற்று. குவித்துப் பார்த்தால் இன்னொரு கரடி படுத்திருப்பது போல இருந்தது. ஒரு அஞ்சு கிலோவாவது தேறும் என்று குதித்துக்கொண்டு போய் மெஷினில் ஏறினேன்.

நானூறு கிராம்.

சடையாண்டி என்னை மேலும் கீழும் பார்த்தது. "யாரு சார் நீங்க?" என்றது. அடையாளச் சீட்டைக் காட்டிய பிறகுதான் எடையை எழுதிக்கொண்டது.

இனி ஒரே வழி, ஒரு சுற்றை ரெண்டு சுற்றாக்குவது. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. மொட்டை உடம்பில் வெயில் எரிந்தது. கால் வீங்கியது. மணிக்கட்டுப் பட்டை நாள் தவறாமல் 'பிரமாதம்' என்று பாராட்டியது. முப்பத்தொன்பதாம் நாள் போய் ஏறினேன்.

நூற்றுப் பதினாறு.

அன்றைக்கு நான் வீட்டுக்குப் போகவில்லை. பாதையோரத்தில் அப்படியே உட்கார்ந்து அழுதேன். வெட்கமாகத்தான் இருக்கிறது சொல்ல, ஆனால் கேவிக் கேவி அழுதேன். இன்னும் ஒன்பது நாள்தான். ஆறு கிலோ. கண்ணை மூடினால் மாசிலாமணி மடியில் தேன்மொழி உட்கார்ந்திருக்கிறாள். பின்னால் வந்த எறும்பு வரிசையும் நின்றுவிட்டது.

"அண்ணாச்சி, ஏன் உக்காந்துட்டீங்க? இன்னும் பன்றி வீடு பாக்கி இருக்கே?" என்று முன்னால் நின்ற எறும்பு கேட்டது. செவ்வந்தி என்று பெயர். அதுதான் அந்த வரிசைக்குத் தலைவி.

"போதும்மா. எனக்கு இந்த ஜென்மத்துல எடை குறையாது. நீங்களாவது தொடர்ந்து நடங்க. உடம்பை விட்டுடாதீங்க."

எறும்புகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

"நாங்க எங்க அண்ணாச்சி நடந்தோம்? நீங்க சிந்துறதைப் பொறுக்க வந்தோம்."

"நான் என்ன சிந்தினேன்?"

"என்ன சிந்தலை? நேத்து முயல் வீட்டுல வள்ளிக்கிழங்கு ரெண்டு. மான் வீட்டுல ஒரு கை நாவல் பழம். பன்றி வீட்டுல பலாச்சுளை பதினாலு, அதுல ஒண்ணு கீழே விழுந்து எங்க குடும்பமே சாப்பிட்டுச்சு. அணில் வீட்டுல தேன்ல ஊறின இலுப்பைப்பூ, ஒரு கொட்டாங்குச்சி. இது காலையில. சாயங்காலச் சுற்றுல திரும்பவும் முதல்ல இருந்து."

எனக்குக் கோபம் வந்தது. "அதெல்லாம் சாப்பாடா? பாவம், இவ்வளவு தூரம் நடந்து வர்றாரேன்னு அன்பா கொடுத்தாங்க. வேண்டாம்னா கோவிச்சுக்குவாங்க. வாசல்ல நின்னுகிட்டே வாயில போட்டுக்கிட்டேன். அவ்வளவுதான்!"

இதை நான் பொய்யாகச் சொல்லவில்லை, கேட்கிறவர்கள் நம்ப வேண்டும். எங்கள் கரடிக் குலத்தில் இலை போட்டு, உட்கார்ந்து, தண்ணீர் தெளித்துத் தின்பதற்குத்தான் சாப்பாடு என்று பெயர். நின்றுகொண்டு உள்ளே போவதற்குப் பெயரே கிடையாது. என் அப்பா நாள் முழுக்க நின்றபடி தின்றுவிட்டு, "காலையிலேருந்து பச்சத் தண்ணி பல்லுல படல" என்பார். அவர் சொன்னதும் உண்மை என்றுதான் நாங்கள் எல்லாரும் பரிதாபப்படுவோம். பெயரில்லாத ஒன்றைப் போனில் எப்படிப் போடுவது?

செவ்வந்தி என் வயிற்றை அண்ணாந்து பார்த்தது. "நீங்க நின்னீங்களா உக்காந்தீங்களான்னு உள்ள இருக்கிறதுக்கு எப்படித் தெரியும் அண்ணாச்சி?"

மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன். ஒரு சுற்று நடந்தபோது ஒரு சுற்றுத் தீனி. ரெண்டு சுற்று நடந்தபோது ரெண்டு சுற்றுத் தீனி. நான் உடம்பைக் குறைக்கப் போகவில்லை. விருந்துக்கு நடந்து போயிருக்கிறேன், அதுவும் நாளைக்கு ரெண்டு முறை, மணிக்கட்டில் பட்டை கட்டிக்கொண்டு! அட மானங்கெட்ட வெள்ளைச்சாமி என்று நானே என் தலையில் அடித்துக்கொண்டேன். மொட்டைத் தலை என்பதால் நன்றாகவே வலித்தது.

மறுநாளிலிருந்து ஆள் இல்லாத பாறைப் பக்கமாக நடந்தேன். முயலுக்குக் கோபம். பன்றி ஆள் விட்டு, "நாங்க என்ன தப்பு செஞ்சோம்?" என்று கேட்டது. எறும்புகள் மூன்று நாள் பார்த்துவிட்டு வேறு ஆளைத் தேடிப் போய்விட்டன. ஒன்பதாம் நாள் விடியற்காலையில் குளித்து, மெஷினில் ஏறி, கண்ணை மூடிக்கொண்டேன்.

"நூத்திப் பதினொண்ணரை" என்றது சடையாண்டி.

"ஒண்ணரை கிலோதானே சார், காதுகுத்துக்குப் போறேன், பெரிய மனசு பண்ணுங்க" என்றேன்.

"படிவத்துல பெரிய மனசுக்கு இடம் இல்ல சார்."

அந்தக் கரையில் மேளம் தொடங்கிவிட்டது. பந்தல் தெரிந்தது. முள்ளம்பன்றி ஆசாரி தன் முதுகிலிருந்து மெல்லிசான முள் ஒன்றைப் பிடுங்கித் துடைத்துக்கொண்டிருந்தது. மாசிலாமணி பட்டுத் துண்டு போட்டுக்கொண்டு மணையில் உட்கார்ந்திருந்தான். நான் பாலத்துக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"அழுதா எடை குறையுமான்னு பார்க்குறீங்களா சார்?" என்று சடையாண்டி கேட்டது. கிண்டலாக இல்லை, அக்கறையாகத்தான் கேட்டது. எனக்கு அதுதான் இன்னும் வேதனையாக இருந்தது.

தேன்மொழியைத் தூக்கி மாசிலாமணி மடியில் வைத்தார்கள். உட்கார்ந்த வேகத்தில் "ஆ!" என்று எழுந்துவிட்டாள். திரும்ப உட்கார வைத்தார்கள். வழுக்கிக் கீழே போனாள். மூன்றாம் தடவை உட்கார வைத்ததும், "எலும்பு குத்துது! எனக்கு எங்க மாமா வேணும்!" என்று அவள் போட்ட கூச்சலில் மேளக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள்.

அதற்கு மேல் என் தங்கை யாரையும் கேட்கவில்லை. பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். "மடி இந்தப் பக்கம் வர முடியலன்னா காது அந்தப் பக்கம் போகும்" என்று சொல்லிவிட்டுப் பாலத்தை நோக்கி நடந்தாள். "மரியாதை இல்லாம என்ன இது" என்று மாமியார் கத்திக்கொண்டே பின்னால் வந்தார். மெஷின் இந்தக் கரையில் இருப்பதால், அந்தக் கரைக்காரர்கள் எடையைக் கூவிவிட்டுத்தான் பாலம் ஏற வேண்டும். வந்து இறங்கியதும் மெஷினில் சரிபார்ப்பார்கள். தங்கையும் பிள்ளையும் சேர்ந்தே நூற்று நாலு. மச்சான் தொண்ணூற்றெட்டு. மாசிலாமணி எழுபது, அவன் கிடக்கிறான். சம்பூர்ணம் அம்மாள் மெஷினில் ஏறி, முள் நூற்று ஒன்பதில் நின்றதும் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் ஒரு இலைக்கு மேல தொடமாட்டேன் தம்பி. கட்டுப்பாடு வேணும்" என்றார்.

பாலத்தடியில் உட்கார ஒழுங்கான இடம் இல்லை. எல்லாம் சேறு. சமமாக இருந்தது எடை மெஷின் ஒன்றுதான். அதன் மேலேயே என்னை உட்கார வைத்தார்கள். தேன்மொழி தாவி என் மடியில் ஏறினாள்.

"மாமா, நீ ஏன் உரிச்ச கிழங்கு மாதிரி இருக்கே?" என்றாள்.

"உனக்காகத்தான் கண்ணு."

கூடவே பாலம் தாண்டி வந்திருந்த ஆசாரி முள்ளை எடுத்தது. அவள் என் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஒரு காது, இன்னொரு காது. அழவே இல்லை. தலையை நிமிர்த்திப் பார்த்தால் மெஷின் முள் நூற்று இருபத்து மூன்றரையில் நின்றது. நாற்பத்தெட்டு நாளில் எடை கூடியதற்காக நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். என்ன கண்ணீர் வந்தது என்று கேட்காதீர்கள்.

அப்புறம் விருந்து. செய்தி பரவி, ஒன்பது நாளாக எனக்குக் கொடுக்க முடியாமல் வைத்திருந்ததையெல்லாம் முயலும் மானும் பன்றியும் அணிலும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். சம்பூர்ணம் அம்மாள் சொன்னபடியே ஒரே ஒரு இலை சாப்பிட்டு, கூட ஒரு கரண்டி வைக்க வந்தவர்களைக் கையால் மறித்து, கம்பீரமாக எழுந்து கை கழுவினார்.

எழுந்து நின்றதும் என் தங்கை வந்தாள். "அத்தை, இந்தப் பலாச்சுளை ஒண்ணு வாயில போட்டுப் பாருங்க." போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் தேனில் ஊறிய இலுப்பைப்பூ. அப்புறம் கிழங்கு. அப்புறம் திரும்பவும் பலாச்சுளை. தங்கை போவதும் வருவதுமாக இருந்தாள். அத்தை நின்றபடியே, யாரிடமோ கட்டுப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே, அத்தனையையும் வாங்கிக்கொண்டார். அவருக்குப் பின்னால் மெல்ல ஒரு எறும்பு வரிசை வந்து சேர்ந்ததை நான் பார்த்தேன். முன்னால் செவ்வந்தி நின்றது.

சாயங்காலம் எல்லாரும் கிளம்பி மெஷினுக்கு வந்தார்கள். ஒவ்வொருவராகப் போனார்கள். கடைசியாக சம்பூர்ணம் அம்மாள் ஏறினார்.

"நூத்திப் பதினொண்ணு. அனுமதி இல்ல" என்றது சடையாண்டி.

"என்னது? நான் ஒரு இலைதானே சாப்பிட்டேன்! மெஷின் ரிப்பேர்!"

"மூணு படிவம் எழுதித் தரணும்மா."

மச்சான் கையைப் பிசைந்தார். தங்கை மட்டும் பதறவே இல்லை. "அதனால என்ன அத்தை? ஒரு மண்டலம் எங்க அண்ணன் வீட்டுல இருங்க. அவர்கூட தினமும் நடங்க, தானா இறங்கிடும்" என்றாள். பாலம் ஏறும் முன் என் காதருகே வந்தாள். "அண்ணே, கல்யாணம் ஆகி ஆறு வருஷத்துல ஒரு நாள்கூட நான் நிம்மதியா உக்காந்து சாப்பிட்டதில்ல. அவசரமே இல்ல. நல்லா கவனிச்சு மெதுவா அனுப்பு."

இது நடந்து மூன்று மண்டலம் ஆகிறது. அத்தை தினமும் என்னோடு முயல் வீட்டு வழியாகத்தான் நடக்கிறார். மணிக்கட்டில் பட்டை, கையில் போன். இலையில் விழுவது ஒன்றுவிடாமல் கணக்குப் போடுகிறார். இப்போது நூற்றுப் பதினாறு. தசையாக இருக்கும் என்று கொக்கு சொல்லியிருக்கிறது. அவர் தனியாக நின்று தின்றால் நன்றாக இருக்காதே என்று மரியாதைக்கு நானும் கூட நின்று வாங்கிக்கொள்கிறேன். என் எடையைக் கேட்காதீர்கள். தங்கை போனில் பேசும்போது குரலே மாறிவிட்டது, சிரித்துச் சிரித்துப் பேசுகிறாள். உட்கார்ந்து சாப்பிடுகிறாளாம். எங்கள் பின்னால் எறும்புகள் இப்போது ரெண்டு வரிசையாக வருகின்றன. அத்தை அடிக்கடி திரும்பிப் பார்த்துவிட்டு, "பாரு தம்பி, நம்மளைப் பார்த்து இதுங்களும் நடக்குது" என்று கண் கலங்குகிறார்.

நான் வாயைத் திறப்பதில்லை. திறந்தால் யாராவது எதையாவது போட்டுவிடுகிறார்கள்.

நீதி: எவ்வளவு நடந்தும் உங்கள் எடை குறையவில்லையா, மனம் தளராதீர்கள். வேண்டாத உறவின் எடையை ஏற்றிவிடுங்கள், வீட்டில் பாரம் குறையும். இலை மட்டும் போட்டுவிடாதீர்கள், நிற்க வைத்தே கொடுங்கள்.